பின்னாலேயே வருகிறவர்

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கும், அத்தானுக்கும், நான் புறப்படும்போது தவழ்ந்துகொண்டிருந்து இப்போது ஓடி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதாகக் கேள்விப்படும் மருமகனுக்கும், கடல் தாண்டி வந்து ஊழியம் செய்யும் உன் தம்பி அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும் தினமும் காலையில் முழங்காலில் நிற்கிறோம். "இருவரும்" என்பதற்குக் கீழே கோடு போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். மை இழுத்துக்கொண்டது என்று நினைத்துவிடாதே, வேண்டுமென்றே போட்டதுதான்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை அப்பா கண்ணில் காட்டாதே. நான் எதை எழுதினாலும் அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சபைக்கு முன்னால் நின்று வாசித்துவிடுகிறார் என்று நீதானே எழுதியிருந்தாய். எனக்குச் சளி பிடித்ததைக்கூட வாசித்து, முப்பத்திரண்டு பேர் என் மூக்குக்காக ஜெபம் செய்தார்களாம். சபை வாசலில் மாட்டியிருக்கும் என் கோட்டுப் போட்ட படத்தை வாரம் ஒருமுறை அவரே நாற்காலி போட்டு ஏறித் துடைக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் சொல்கிறேன், இதை நீ மட்டும் படி. அத்தான் கேட்டால் பாதியைப் படித்துக் காட்டு, அதுவும் முதல் பாதியை. கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே. கோழி கிளறின மாதிரி எழுதுகிறவன் நற்செய்தி சொல்லப் போயிருக்கிறானாம் என்று போன கடிதத்தில் நக்கல் அடித்திருந்தாய். கை நடுங்கினால் கோழிக்கும் இப்படித்தான் வரும்.

எங்கள் பிழைப்பை நீ ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். சலவைக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. கீழே இஸ்திரி போடுகிற ஆவி பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஏறி வந்துகொண்டே இருப்பதால் நாங்கள் எந்நேரமும் பாதி வெந்த நிலையில்தான் இருக்கிறோம். அறையில் எல்லாமே இரண்டு. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை, கோட்டு மாட்ட இரண்டு கொக்கி. எங்கள் மிஷனில் யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்கள். இருவர் இருவராகத்தான் போக வேண்டும், ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் இருக்கவே கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதிலும் அதிக நேரம் எடுத்தால் வெளியிலிருந்து பாட்டுப் பாடிக் கூப்பிடலாம். எனக்கு வாய்த்த துணை ஊழியர் நம்மூர்ப் பக்கத்துக்காரர்தான், நல்ல உயரம். நேரில் பிரதர் என்றும் உன்னிடம் மட்டும் நெட்டை என்றும் சொல்லிக்கொள்கிறேன். தங்கமான மனுஷன். ஒரே குறை, நான் சொல்லும் எந்த வேடிக்கைக்கும் சிரிக்க மாட்டார். சிரிப்பு வந்தால் எச்சில் விழுங்குவார்.

காலை எட்டரைக்குக் கிளம்பினால் கதவு கதவாகத் தட்டுவோம். கதவைத் திறக்காதவர்கள் பாதிப் பேர், திறந்து எங்கள் கோட்டைப் பார்த்ததும் மூடுகிறவர்கள் மீதிப் பாதி. சாயங்காலம் வந்ததும் சந்திப்புப் பதிவேடு என்று ஒரு தடிமனான நோட்டில் எழுத வேண்டும். எந்தத் தெரு, எந்த வீடு, யார் திறந்தார்கள், என்ன சொன்னார்கள், கடைசிக் கட்டத்தில் "சென்றவர்கள்" என்று போட்டு அதற்கு நேரே 2. கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் ஐயா வந்து அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். இந்த ஊர்ப் பாஷை காதுக்குப் புரிகிறது, வாய்க்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் தடங்கல் இல்லாமல் வாயில் வருவது ஒரே ஒரு வாக்கியம்தான். மூன்றாம் பாடத்தில் வருவது. துணை ஊழியர் செருப்பு வாரைக் கட்ட நின்றுவிட்டால் வீட்டுக்காரரிடம் நாம் சொல்ல வேண்டியது. "கூட வந்தவர் பின்னாடியே வர்றார்."

எல்லாம் அந்த வாக்கியத்தால் வந்த வினை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நெட்டைக்குக் கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாகிவிட்டது. இப்படி ஆனால் இருவருமே அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மாதக் கடைசி வாரம், பதிவேட்டில் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது, திரும்ப வரச் சொன்ன வீடுகளே பதினொன்று இருந்தன. நெட்டை ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, போகாதீங்க பிரதர், போகாதீங்க பிரதர் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்ல வாய் திறக்க முடியவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போகிற வீட்டில் எல்லாம் கதவைத் திறந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு என் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆளைத் தேடினார்கள். பல் வீக்கத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்குப் பாஷை தெரியாது. மூன்றாம் பாடத்தைச் சொன்னேன். பதினொரு வாசலிலும் அதையே சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தாமல் திறந்தே வைத்தார்கள். சாயங்காலம் பதிவேட்டில் சென்றவர்கள் 2 என்று எழுதினேன். நெட்டை வலியில் கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆறாம் வகுப்பில் தலைமையாசிரியர் அப்பாவை அழைத்து வரச் சொன்னபோது நான் தனியாகப் போய், "அப்பா பின்னாடியே வர்றார் சார்" என்றேன். அந்த மனிதர் இரண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நீதான் எட்டாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்து, அப்பா வழியில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். அந்த வாரமே அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று மாதம் நொண்டினார். அது தற்செயல் என்று நாம் இருவரும் முடிவு செய்தோம். அதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்தோம். நான் சொன்னதில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

நாலு நாளில் நெட்டைக்கு முக வீக்கம் வடிந்தது. இருவரும் முதலில் தையல்கார அம்மா வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயசிருக்கும், ஒற்றை ஆள், வாய் நிறைய குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார். எங்களை உட்கார வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். மூன்றாவது தம்பி வரவில்லையா என்று கேட்டார். நாங்கள் இரண்டே பேர்தான் அம்மா என்று நெட்டை சொன்னார். அந்த அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அன்றைக்கு நான் கிளம்பிப் போய்த் தெருமுனை திரும்பியதும் என் கூட வந்தவர் வந்தாராம். கால்மிதியில் செருப்பை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாராம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, டப்பாவில் கலந்து கிடந்த பொத்தான்களை எல்லாம் நிறம் வாரியாகப் பிரித்துக் கொடுத்தாராம். நெட்டையைக் காட்டி, இவர் அவரில்லை என்றார். அவர் என் உயரம்தானாம். நெட்டை எச்சில் விழுங்கினார், ஆனால் இந்த முறை அது சிரிப்பு அல்ல.

சலூன்காரரும் அதையே சொன்னார். மூலை வீட்டு ஓய்வுபெற்ற ரயில் டிரைவரும் அதையே சொன்னார், அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவது நின்றிருந்தது. பதினொரு வீட்டிலும் நான் போன பிறகு அவர் வந்திருக்கிறார். எனக்கு முதலில் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் வந்தது, ஒளிப்பானேன். அந்தத் தம்பி நம்ம பாஷையை எவ்வளவு அழகாகப் பேசுகிறது என்று பதினொரு பேரும் சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் ஆராதனைக்குப் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். வழக்கமாக நாலு பேர் வருவார்கள், அதில் ஒருவர் மண்டபத்தைப் பூட்டுவதற்காக வருகிறவர். வந்தவர்கள் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் நின்ற சலூன்காரர்கூட அதில் உட்காரவில்லை. மேற்பார்வையாளர் ஐயா கண் கலங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கி அப்பாவுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். அதை அப்பா சபையில் இரண்டு முறை வாசித்தார் என்று நீயே எழுதியிருந்தாய். அந்தப் பாராட்டு என்னுடையது இல்லை அக்கா.

அதற்குப் பிறகு அந்த மூன்றாமவர் மெல்ல மெல்ல நெருங்கி வந்தார். சலவைக்கடை அம்மா ஒரு நாள் துவைத்த துணியை மேலே கொண்டு வந்து கொடுத்தார். நம் அம்மா எனக்குத் தைத்துக் கொடுத்து, காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் முடிச்சுப் போட்ட சட்டைகள் ஆறு. எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன. ஏழாவதிலும் சிவப்பு முடிச்சு இருந்தது. அம்மாவிடம் எத்தனை சட்டை தைத்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டு எழுது, ஏன் கேட்கிறாய் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளி. நான் அந்தம்மாவிடம் இது எங்களுடையது இல்லை என்றேன். "மூணு பேர் துணிதானே தம்பி? மாடிப்படியில மூணு பேர் ஏறுற சத்தம் தினமும் கேக்குது. கடைசியா ஏறுறவர்தான் மெதுவா நடக்கிறார், மத்த ரெண்டு பேரும் கொஞ்சம் பாத்து நடங்க." இப்படி ஒரு புத்திமதி வேறு. அந்த வாரம் பதிவேட்டைத் திறந்தால் நான் எழுதாமல் விட்ட மூன்று நாள் சந்திப்பும் எழுதியிருந்தது. அச்சடித்த மாதிரி கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை, ஒரு ஒற்று விடுபடவில்லை. சென்றவர்கள் 3. நெட்டை அதைப் பார்த்து, உங்க கையெழுத்து தேறிடுச்சே பிரதர் என்றார்.

போன வாரம்தான் உயிர் போய் உயிர் வந்தது. நெட்டையோடு சலூனுக்குள் நுழைகிறேன், சலூன்காரர் யாருக்கோ சோப்பு நுரை போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாங்க, நீங்க பின்னாடியே வர்றீங்கன்னு அவர் அப்பவே சொல்லிட்டுப் போனார்" என்றார். அக்கா, அது என் வாக்கியம். மூன்றாம் பாடம். அதை அவர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கே போனாலும் எனக்கு முன்னால் அவர் போய் வந்திருக்கிறார். எனக்கு வாசல் பக்கத்து முக்காலியைக் காட்டுகிறார்கள், பேச்சை எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முழங்காலில் நின்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். ஒருவேளை தேவதூதனோ என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன். தேவதூதனுக்கு என் அளவில் சட்டை எதற்கு?

நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தையல்கார அம்மா வீட்டுக்குப் போகும்போது என் செருப்பு வார் அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், பதினைந்து அடி தள்ளி நெட்டை யாரோடோ பேசிக்கொண்டே போகிறார், வலது பக்கம் ஒரு ஆள் நடக்க இடம் விட்டு. பிரதர் என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. நான் போய்த் தட்டினேன். தையல்கார அம்மா கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் உள்ளேதான் இருக்காங்க. நீங்க யாரு?" உள்ளே நெட்டை சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக, வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம். சிரிக்க வைத்த குரல், தலைமையாசிரியர் இரண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னது, நான் சொன்னால் எப்படி நிறுத்துவேனோ அப்படி. நான் அந்த அம்மாவைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்தேன். நெட்டை மட்டும்தான் இருந்தார். எதிரே இருந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நெட்டை என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இப்பதானே பிரதர் தண்ணி குடிக்க சமையல்கட்டுக்குப் போனீங்க? வாசல் வழியா எப்படி வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் விதியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நெட்டை ஒருவர். மற்றவர் யார் என்பதுதான் இப்போது கேள்வி, அதில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. இவ்வளவு நேரம் சிரிப்புக் காட்டி எழுதியதெல்லாம் அதை மறைக்கத்தான்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். பொய்யால் வந்தவரை உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப முடியும். நேற்றுக் காலையில் பதிவேட்டைப் புரட்டி, பல் வீங்கிய அந்த நாளின் பக்கத்தை எடுத்து, பதினொரு வரியிலும் 2 என்பதை அடித்து 1 என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். நெட்டையைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "தெரியும் பிரதர், ரெண்டு மாசமா நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன்" என்றார். இருவரும் சேர்ந்து அழுதோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நேற்று முழுவதும் அந்த மூன்றாமவர் வரவில்லை. தையல்கார அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம்தான் கேட்டது என்று சலவைக்கடை அம்மா சொன்னார். ஏழாவது சட்டையைக் காணவில்லை.

நாளை காலை மேற்பார்வையாளர் ஐயா வருகிறார். பதிவேட்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன். பொய்க் கணக்கு எழுதியவனை வைத்திருக்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவை நீதான் தயார்ப்படுத்த வேண்டும். படத்தைக் கழற்றும்போது அவரை நாற்காலியில் ஏறவிடாதே, கால் ஏற்கெனவே சரியில்லை. மகன் தனியாகப் போகக்கூடாத இடத்துக்குத் தனியாகப் போனான், திரும்பி வந்து ஒத்துக்கொண்டான் என்று சொல். கோபப்படுவார், பிறகு என் பக்கம் பேசுவார். அவரை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை யார் கையிலும் கொடுக்காமல் நானே தபாலில் போடப் போகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நான் வந்தால் தனியாகத்தான் வருவேன், வந்து கதவைத் தட்டி நானே உன் முன்னால் நிற்பேன். எனக்கு முன்னால் யாராவது வந்து, உன் தம்பி பின்னாடியே வருகிறான் என்று சொன்னால், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் கதவைத் திறக்காதே, தாழ்ப்பாளையும் போட்டுக்கொள். முக்கியமாகச் செருப்பைத் துடைத்தால்.

அம்மாவுக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு அன்பு. மருமகனின் உடைந்த பல்லுக்கு இங்கிருந்தே ஜெபிக்கிறேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குறிப்பாக வரத்தை.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அன்புள்ள அக்கா அவர்களுக்கு, மேலே எழுதியிருப்பதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். களைப்பில் எழுதியது. பிரதர் வாசித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். மேற்பார்வையாளர் ஐயா வந்து பதிவேட்டைப் பார்த்தார், திருத்தம் மிகவும் சரி என்று பாராட்டினார். அந்தப் பதினொரு வீட்டுக்கும் அன்று சென்றவர் ஒருவர்தான், அது நான். வேலை நன்றாக நடப்பதால் எனக்கு ஒரு மாதம் விடுமுறை கொடுத்து, வீட்டாரைப் பார்த்து வரச் சொன்னார். கடிதத்தைத் தபாலில் போட்டுக் காத்திருப்பானேன் என்று நானே கையோடு எடுத்து வருகிறேன். அப்பா படத்தைக் கழற்ற வேண்டாம், முகம் அதேதான். அம்மா தைத்த ஏழாவது சட்டை அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கையெழுத்து இனி உங்களுக்குச் சிரமம் தராது என்று நம்புகிறேன். கதவைத் திறந்ததும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். தம்பி பின்னாலேயே வருகிறார்.